கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி: நினைவகம் எங்கே போயிற்று?

முதலில் ஒரு புதிரைப் பார்ப்போம்.

ஒரு கணிப்பொறியில் 8 ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. அதில் விண்டோஸ் இயங்குகிறது. லினக்ஸ் கற்க விரும்பும் ஒரு மாணவி அதே கணிப்பொறிக்குள் 'மெய்நிகர் பொறி' ஒன்றை அமைக்கிறாள். அதற்கு 4 ஜிகாபைட் நினைவகம் ஒதுக்கி, அதில் லினக்ஸை ஏற்றுகிறாள். பெரிய கோப்புகள் சிலவற்றைப் படியெடுக்கிறாள். ஒரு சிறு நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கிறாள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிடுகிறாள். இப்போது லினக்ஸைக் கேட்டால், "நிரல்கள் 600 மெகாபைட்தான் பயன்படுத்துகின்றன" என்று விடை வருகிறது. விண்டோஸைக் கேட்டால், "மெய்நிகர் பொறி ஏறத்தாழ 4 ஜிகாபைட்டையும் எடுத்துக்கொண்டுவிட்டது" என்கிறது. கணிப்பொறியோ எறும்பு ஊர்வதுபோல் நகரத் தொடங்கிவிட்டது.

இவ்விரு கணக்குகளில் எது பொய்?

இரண்டுமே உண்மை என்பதுதான் விடை! இது எப்படி முடியும் என்பதையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். இதன் காரணம் புரிந்துவிட்டால், புதிய நினைவகச் சில்லு வாங்கப் பணம் செலவிடுவதற்கு முன்பே பல கணிப்பொறிகளின் திணறலை நீங்களே தீர்த்துவிடலாம். காரணம் புரியாமல் கைக்கு வந்த பொத்தானை அழுத்தினால், சேமிக்காமல் வைத்திருந்த வேலை முழுவதும் பாழாகிவிடக்கூடும்.

மேசையும் அலமாரியும்

நீங்கள் படிக்க உட்காரும்போது அலமாரியிலிருந்து வேண்டிய புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்கிறீர்கள். மேசை சிறியது, ஆனால் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. அலமாரி பெரியது, ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டும். கணிப்பொறியில் நினைவகமே மேசை. வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகமே அலமாரி. எந்த நிரலும் மேசைக்கு வந்தால்தான் ஓட முடியும்.

நினைவகத்தை இயக்க முறைமை சிறுசிறு 'பக்கங்களாக'ப் பிரித்துக் கையாள்கிறது. இன்றைய மேசைக் கணிப்பொறிகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட், அதாவது 4 கிலோபைட், அளவுடையது. அப்படியானால் 8 ஜிகாபைட் நினைவகத்தில் எத்தனை பக்கங்கள்? கணக்கிட்டுப் பாருங்கள். 20,97,152 பக்கங்கள்! இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இப்பக்கங்களில் எது யாரிடம் இருக்கிறது என்று இயக்க முறைமை ஓர் அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதற்குப் 'பக்க அட்டவணை' என்று பெயர்.

மேசையில் இடம் போதாவிட்டால், சிறிது நேரமாகத் தொடாத பக்கத்தை அலமாரிக்கு அனுப்பிவிட்டு, வேண்டிய பக்கத்தை மேசைக்குக் கொண்டுவரலாம் அல்லவா? இந்த அரிய யோசனையை முதன்முதலில் செயல்படுத்திக் காட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' என்னும் கணிப்பொறியாகும். இவ்வாறு, இருக்கும் நினைவகத்தைவிட அதிக நினைவகம் இருப்பதுபோல் நிரல்களுக்குக் காட்டும் முறை 'மெய்நிகர் நினைவகம்' எனப்படுகிறது.

ஒன்றுக்குள் ஒன்று

நினைவகத்தை மட்டும்தானா இப்படிக் காட்ட முடியும்? முழுக் கணிப்பொறியையே காட்டினால் என்ன? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசி என்பவரின் தலைமையில் ஒரு குழு இதைச் செய்து முடித்தது. 1967ஆம் ஆண்டு சனவரி மாதம் பயன்பாட்டுக்கு வந்த அந்த அமைப்பின் பெயர் சி.பி.-40. அது ஒரே கணிப்பொறியைப் பதினான்கு பேர் வரை பகிர்ந்துகொள்ளச் செய்தது. ஒவ்வொருவருக்கும் 256 கிலோபைட் நினைவகத்துடன் கூடிய தனிக் கணிப்பொறி ஒன்று தம் வசம் இருப்பதாகவே தோன்றும்.

இங்கே ஒரு சிறு கணக்கு: 14 × 256 = 3,584 கிலோபைட். ஆனால் அந்தக் கணிப்பொறியில் உண்மையில் இருந்த நினைவகமோ வெறும் 256 கிலோபைட்! இருப்பதைவிடப் பதினான்கு மடங்கு வாக்களித்துவிட்டுச் சமாளிக்கும் கலை, மெய்நிகர் பொறி பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கங்களையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கலை நடக்கிறது.

இன்று ஒரு பெரிய தகவல் மையத்தில் ஒரே கணிப்பொறிக்குள் பல மெய்நிகர் பொறிகள் இயங்குகின்றன. வீட்டுக் கணிப்பொறியிலும் இலவச மென்பொருளைக்கொண்டு ஒன்றை அமைத்துவிடலாம். உள்ளே இருப்பது பழுதானாலும் வெளியே இருப்பதற்குப் பொதுவாகக் கேடில்லை என்பதால், கற்போருக்கு இது நல்லதொரு பரிசோதனைக் கூடம்.

இனி உண்மையான கணிப்பொறியை 'வெளிப்பொறி' என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர் பொறியை 'உட்பொறி' என்றும் அழைப்போம். ஆங்கிலத்தில் இவற்றை ஹோஸ்ட், கெஸ்ட் என்பர். இரண்டுக்கும் நடுவே நின்று நிர்வகிக்கும் நிரலுக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். உட்பொறி தனக்கென்று ஒரு பக்க அட்டவணை வைத்திருக்கும். அதற்கு அடியில் ஹைப்பர்வைசர் இன்னோர் அட்டவணை வைத்திருக்கும். உட்பொறி "என் நூறாவது பக்கம்" என்று சொல்வது, உண்மையான சில்லில் எந்தப் பக்கம் என்பதை இந்த இரண்டாம் அட்டவணையே அறியும். ஆக, ஒரே நினைவகத்துக்கு இரண்டு கணக்கர்கள். புதிரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பூட்டிய அறை

ஒரு பெரிய வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரின் பெஞ்சுகள் சில வீட்டின் பின்கட்டில் கிடக்கின்றன. குடியிருப்பவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அறைக்குள் எடுத்துச் செல்கிறார். வேலை முடிந்ததும் பெஞ்சை அறையின் மூலையிலேயே சாத்தி வைத்துவிடுகிறார். "உங்கள் அறையில் எத்தனை பெஞ்சு பயன்பாட்டில் இருக்கிறது?" என்று அவரைக் கேட்டால் "ஒன்றுதான்" என்பார். "எத்தனை பெஞ்சு கொடுத்திருக்கிறீர்கள்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால் "ஏழு" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. பூட்டிய அறைக்குள் எட்டிப் பார்க்க வீட்டுக்காரருக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

உட்பொறியில் நடப்பதும் இதுவே. அது ஒரு பக்கத்தை முதன்முறையாகத் தொடும்போது, ஹைப்பர்வைசர் உண்மையான நினைவகத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துத் தருகிறது. பின்னர் உட்பொறியில் ஒரு நிரல் மூடப்படும்போது, உள்ளிருக்கும் இயக்க முறைமை "இந்தப் பக்கம் காலி" என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. அந்தக் குறிப்பு உள்ளேயே இருந்துவிடுகிறது. வெளியே யாருக்கும் தகவல் போவதில்லை.

ஏன் தகவல் போவதில்லை? இங்குதான் ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயக்க முறைமைகள் தொடக்கத்தில் உண்மையான கணிப்பொறிகளுக்காகவே எழுதப்பட்டவை. உண்மையான கணிப்பொறியில் நினைவகச் சில்லிடம் போய் "இந்தப் பக்கம் எனக்கு இனி வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சில்லு அதை வாங்கி வேறு யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. ஆகவே நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்ற வழக்கமே அவற்றுக்குக் கிடையாது. தான் ஒரு குடியிருப்பவர் என்பதை அறியாமல், வீடு முழுவதும் தன்னுடையது என்றே உட்பொறி எண்ணிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு காரணமும் உண்டு. வன்தட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை மறுமுறை கேட்டால் உடனே தரலாம் என்பதற்காக, இயக்க முறைமை அதன் படி ஒன்றைக் காலி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இதற்குக் 'கேஷ்' என்று பெயர். பணத்தைக் குறிக்கும் சொல் அன்று, மறைத்து வைத்த சேமிப்பு என்று பொருள். சும்மா கிடக்கும் நினைவகம் வீணான நினைவகம் என்பது இயக்க முறைமையின் கொள்கை. தனிக் கணிப்பொறிக்கு இது மிக நல்ல கொள்கை. ஆனால் உட்பொறி இதையே பின்பற்றும்போது, ஒதுக்கிய 4 ஜிகாபைட்டையும் சிறிது சிறிதாகத் தொட்டு நிரப்பிவிடுகிறது. உட்பொறியின் வன்தட்டு வெளிப்பொறிக்கு வெறும் ஒரு பெரிய கோப்புதான். அமைப்பைப் பொறுத்து, அந்தக் கோப்பின் பகுதிகளை வெளிப்பொறியும் தன் கேஷில் வைத்துக்கொள்வதுண்டு. அப்போது ஒரே செய்தி இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கும்!

புதிர் இப்போது அவிழ்ந்துவிட்டது. 600 மெகாபைட் என்பது உள்ளே உண்மையில் தேவைப்படும் அளவு. 4 ஜிகாபைட் என்பது இதுவரை உட்பொறி தொட்டுப் பார்த்த அளவு.

சில ஹைப்பர்வைசர்கள் தொடும்வரை காத்திருப்பதில்லை. ஒதுக்கிய அளவு முழுவதையும் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துவிடும். அங்கே இந்த இழப்பு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

திணறல் எப்படி உண்டாகிறது?

மேசை நிறைந்துவிட்டால் வெளிப்பொறி பக்கங்களை அலமாரிக்கு அனுப்பத் தொடங்கும். இதில் என்ன கேடு? வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நினைவகத்தில் ஒன்றைத் தேடி எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகிறது. எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடி. சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி. இந்த எண்கள் மிகச் சிறியவை; வேறுபாடு மனத்தில் படாது. ஆகவே, நினைவகத்திலிருந்து எடுக்க ஒரு வினாடி ஆகிறது என்று பெரிதாக்கிக் கொள்வோம். அப்போது எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கப் பதினேழு நிமிடங்கள் ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க 28 மணி நேரம் ஆகும்! மேசையில் கிடந்த பேனாவை எடுக்க வெளியூர் போய் வருவது போன்ற கதை இது.

எப்போதாவது ஒரு பக்கம் இவ்வாறு போய் வந்தால் பரவாயில்லை. நிரல்களுக்கு அப்போதைக்குத் தேவையான பக்கங்களின் மொத்தம் நினைவகத்தைவிடப் பெரிதாகிவிட்டால்தான் ஆபத்து. ஒரு பக்கத்தைக் கொண்டுவர இன்னொன்றை அனுப்ப வேண்டும். அனுப்பிய மறுகணமே அதுவும் தேவைப்படும். கணிப்பொறி முழு நேரமும் பக்கங்களைச் சுமந்து திரியுமேயன்றி, உருப்படியான வேலை எதுவும் நடவாது. இந்தத் திணறலையும், ஒரு நிரலுக்கு அப்போதைக்குத் தேவையான பக்கங்களின் தொகுதி என்ற கருத்தையும் 1968இல் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து விளக்கினார்.

மெய்நிகர் பொறி இருக்குமிடத்தில் திணறல் இன்னும் கொடியது. பூட்டிய அறையில் எந்தப் பெஞ்சு சும்மா கிடக்கிறது என்று வெளிப்பொறிக்குத் தெரியாதல்லவா? எனவே அது பெரும்பாலும் ஊகத்தினாலேயே பக்கங்களைத் தேர்ந்தெடுக்கிறது. உள்ளே 'காலி' என்று குறிக்கப்பட்ட, யாருக்கும் வேண்டாத பக்கத்தைக்கூட அக்கறையோடு வன்தட்டில் எழுதி வைக்கும்! சில வேளைகளில் உட்பொறியும் அதே பக்கத்தைத் தன் வன்தட்டுக்கு அனுப்ப முடிவு செய்யும். அது ஏற்கெனவே வெளியே அனுப்பப்பட்டுவிட்டதே! ஆகவே அதைத் திரும்ப நினைவகத்துக்குக் கொண்டுவந்து, உடனே மறுபடியும் வெளியே எழுத வேண்டியதாகிறது. இரட்டை வேலை; பயனோ சிறிதும் இல்லை.

முதல் மருந்து: அளந்து கொடுத்தல்

மிக எளிய வழியை முதலில் சொல்வோம். தாராளமாக ஒதுக்குவது நல்லது என்று நினைப்பது தவறு. ஒதுக்கிய அளவு முழுவதையும் உட்பொறி ஒருநாள் தொட்டே தீரும் என்று கொண்டு கணக்கிடுங்கள்.

நம் 8 ஜிகாபைட் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். உட்பொறி இல்லாதபோது வெளிப்பொறியும் அதன் நிரல்களும் 4 ஜிகாபைட் எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திடீர்த் தேவைக்கு 1 ஜிகாபைட் விட்டுவைப்போம். எஞ்சுவது 3 ஜிகாபைட். இதற்கு மேல் ஒதுக்கினால் திணறலை நாமே வரவழைத்துக் கொள்கிறோம். உள்ளே நிரல்களுக்கு 600 மெகாபைட்தான் தேவை என்று தெரிந்திருப்பதால் 1.5 ஜிகாபைட்டே போதுமானது. கேஷுக்கும் அதில் இடம் இருக்கும்.

மிகக் குறைவாகக் கொடுப்பதும் தவறுதான். அப்போது வெளிப்பொறி நிம்மதியாக இருக்கும். உட்பொறி உள்ளுக்குள்ளேயே திணறும். ஆகவே முதலில் அளவிட வேண்டும். பிறகு ஒதுக்க வேண்டும்.

வரைகலைத் திரை தேவைப்படாத வேலைக்கு, எழுத்துத் திரை மட்டும் உள்ள லினக்ஸை ஏற்றினால் தேவை வெகுவாகக் குறையும். பயன்படுத்தாத உட்பொறியை மூடிவிடுங்கள். 'தற்காலிகமாக நிறுத்து' என்ற கட்டளை அதன் ஓட்டத்தை நிறுத்துமே தவிர, நினைவகத்தைப் பொதுவாக விடுவிக்காது. 'நிலையைச் சேமித்து மூடு' என்ற கட்டளையோ நினைவகத்தின் உள்ளடக்கத்தை வன்தட்டில் எழுதிவிட்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இரண்டாம் மருந்து: பலூன்

ஓடிக்கொண்டிருக்கும் உட்பொறியிடமிருந்து நினைவகத்தைத் திரும்பப் பெற முடியுமா? இதற்கு ஒரு வேடிக்கையான தந்திரம் உண்டு. வி.எம்.வேர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதை விளக்கினார்.

பூட்டிய அறைக்குள் வீட்டுக்காரர் நுழைய முடியாது. ஆனால் அவருடைய ஆள் ஒருவரை உள்ளே குடிவைத்துவிட்டால்? உட்பொறிக்குள் ஒரு சிறு நிரல் நிறுவப்படுகிறது. அதுதான் 'பலூன்'. வெளிப்பொறிக்கு நினைவகம் தேவைப்படும்போது ஹைப்பர்வைசர் அதற்கு "ஊது" என்று கட்டளையிடுகிறது. உடனே அது உட்பொறியின் இயக்க முறைமையிடம், "எனக்கு இத்தனை பக்கங்கள் வேண்டும்" என்று கேட்கிறது. இயக்க முறைமை முதலில் காலிப் பக்கங்களைக் கொடுக்கும். அவை போதாவிட்டால் கேஷைக் குறைத்துக் கொடுக்கும். பலூன் நிரல் தனக்குக் கிடைத்த பக்கங்களை எதற்கும் பயன்படுத்துவதில்லை. அவற்றின் எண்களை ஹைப்பர்வைசரிடம் சொல்லிவிடும். அப்பக்கங்களுக்கு அடியிலிருக்கும் உண்மையான நினைவகத்தை ஹைப்பர்வைசர் உருவி எடுத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். நெருக்கடி நீங்கியதும் "சுருங்கு" என்று கட்டளை வரும். பக்கங்கள் திரும்பக் கிடைக்கும்.

இதன் அழகு எங்கே இருக்கிறது? எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுப்பது என்பதை, உள்ளே இருப்பதை அறிந்தவரே முடிவு செய்கிறார். வெளிப்பொறி கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இவ்வழியை ஒட்டியே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஹைப்பர்-வியில் 2011இல் 'டைனமிக் மெமரி' என்னும் வசதி சேர்க்கப்பட்டது. அதில் ஓர் உட்பொறிக்குத் தொடக்க அளவு, குறைந்த அளவு, உச்ச அளவு என மூன்று எண்களைக் குறிப்பிடலாம்.

பலூனை வெளியிலிருந்து ஊத வேண்டியிருக்கிறது. உட்பொறி தானாகவே முன்வந்து தெரிவித்தால் இன்னும் நல்லதல்லவா? 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.7 பதிப்பில் இந்த வழக்கம் வந்து சேர்ந்தது. காலியான பக்கங்களை உட்பொறி அவ்வப்போது ஹைப்பர்வைசருக்கு அறிவித்துவிடுகிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். என்னும் அமைப்பில், கேஷையும் தானாகக் குறைத்துத் திருப்பித் தரும் வசதி 2023 செப்டம்பரில் சோதனை முறையில் சேர்க்கப்பட்டது. தான் குடியிருப்பவர் என்பதை உட்பொறி மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு வருகிறது எனலாம்.

மூன்றாம் மருந்து: பகிர்தல்

ஒரே வகை லினக்ஸை மூன்று உட்பொறிகளில் ஏற்றியிருக்கிறோம் என்று கொள்வோம். இயக்க முறைமையின் பல பக்கங்கள் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். மூன்று படிகள் எதற்கு? ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் அதையே காட்டினால் போதுமே!

இதைச் செய்ய, ஒவ்வொரு பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சுருக்க எண் கணக்கிடப்படுகிறது. கைரேகை போன்றது அந்த எண். இரு பக்கங்களின் எண்கள் ஒத்திருந்தால், பக்கங்களை முழுமையாக ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பொதுவாக்குவார்கள். பின்னர் ஓர் உட்பொறி அந்தப் பக்கத்தில் எழுத முற்பட்டால், அதற்கு மட்டும் தனிப் படி எடுத்துக் கொடுக்கப்படும். மற்றவற்றுக்கு எந்த மாற்றமும் தெரியாது. 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் இம்முறையும் விளக்கப்பட்டிருந்தது. வேறு வகையில் ஒப்பிட்டு இதே பயனைத் தரும் ஏற்பாடு ஒன்று லினக்ஸில் 2009இல் இடம்பெற்றது.

ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. பொதுப் பக்கத்தில் எழுதும்போது தனிப் படி எடுக்க வேண்டியிருப்பதால், சற்றே அதிக நேரம் ஆகும். இந்த நேர வேறுபாட்டை அளந்தே, "என்னிடம் உள்ள இதே பக்கம் அண்டை அறையிலும் இருக்கிறது" என்று ஓர் உட்பொறி ஊகித்துவிட முடியும். பகிரப்பட்ட பக்கங்களை இதுபோன்ற நேர அளவீடுகளால் வேவு பார்த்து, இரகசியக் குறியீட்டு எண்களைக்கூட அறிய முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். இதனால் வி.எம்.வேர் நிறுவனம் 2014இல், வெவ்வேறு உட்பொறிகளுக்கிடையே பக்கப் பகிர்வு தானாக நடைபெறாதபடி தன் மென்பொருளை மாற்றியமைத்தது. உங்கள் சொந்தக் கணிப்பொறியில் எல்லா உட்பொறிகளும் உங்களுடையவையே. அங்கே இந்த அச்சம் குறைவு. முன்பின் அறியாதவர்கள் ஒரே பொறியைப் பகிரும் தகவல் மையத்தில் நிலைமை வேறு.

செய்து பாருங்கள்

ஆசிரியரின் அல்லது பெற்றோரின் அனுமதியுடன் இச்சோதனையைச் செய்யலாம். திறந்திருக்கும் எல்லா வேலைகளையும் முதலில் சேமித்துவிடுங்கள். 8 ஜிகாபைட் கணிப்பொறியும், 2 ஜிகாபைட் ஒதுக்கிய லினக்ஸ் உட்பொறியும் போதும்.

1. உட்பொறியைத் தொடங்குவதற்கு முன், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மொத்த நினைவகப் பயன்பாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உட்பொறியைத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் குறியுங்கள். உள்ளே 'ஃபிரீ' என்னும் கட்டளையைக் கொடுத்து வரும் எண்களையும் எழுதுங்கள். அதில் 'ஃபிரீ' என்ற பத்தியைவிட 'அவைலபிள்' என்ற பத்தியே முக்கியமானது. தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கக்கூடிய கேஷையும் சேர்த்த கணக்கு அது.

3. உள்ளே 1 ஜிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். உள்ளும் வெளியும் அளவுகளைக் குறியுங்கள்.

4. அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். மறுபடியும் இரண்டு அளவுகளையும் குறியுங்கள்.

5. உட்பொறியை முறைப்படி மூடிவிட்டுக் கடைசியாக ஒருமுறை குறியுங்கள்.

நான்காம் படியில்தான் சுவை இருக்கிறது. கோப்பை அழித்ததும் உள்ளே காலி நினைவகம் மளமளவென்று உயரும். வெளியே? திருப்பித் தரும் வசதி இல்லாத அமைப்பில் எண் இறங்காது. மூடிய பிறகே இறங்கும். அவ்வசதி இருந்தால் சிறிது நேரத்தில் மெல்ல இறங்குவதைக் காணலாம். இரண்டாம் படியிலேயே வெளி எண் 2 ஜிகாபைட் தாவினால், உங்கள் ஹைப்பர்வைசர் முழுவதையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்று அறியலாம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சி.பி.-40 இயங்கிய கணிப்பொறியில் 256 கிலோபைட் நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மொத்தம் எத்தனை பக்கங்கள்?

2. 16 ஜிகாபைட் கணிப்பொறி ஒன்றில் வெளிப்பொறிக்கு 4, திடீர்த் தேவைக்கு 2 ஜிகாபைட் விட்டுவைக்க வேண்டும். மூன்று உட்பொறிகளுக்குத் தலா 4 ஜிகாபைட் ஒதுக்கலாமா?

3. நான்கு உட்பொறிகளில் ஒவ்வொன்றிலும் 300 மெகாபைட் ஒரே மாதிரியாக இருக்கிறது. பகிர்வதால் எவ்வளவு மிச்சம்?

4. பலூனை அளவின்றி ஊதினால் என்ன ஆகும்?

விடைகள்

1. 256 ÷ 4 = 64 பக்கங்கள்.

2. 12 + 6 = 18 ஜிகாபைட்; இருப்பதைவிட 2 அதிகம். மூன்றும் ஒதுக்கியதை முழுவதும் தொட்டுவிட்டால் திணறல் ஏற்படும். தலா 3 ஜிகாபைட் என்றால் 9 + 6 = 15; பொருந்தும்.

3. ஒரு படியை வைத்துக்கொண்டு மூன்றை விட்டுவிடலாம். 3 × 300 = 900 மெகாபைட்.

4. காலிப் பக்கமும் கேஷும் தீர்ந்தபின், உட்பொறி தன் நிரல்களுக்குத் தேவையான பக்கங்களையே வன்தட்டுக்கு அனுப்பத் தொடங்கும். வெளிப்பொறியின் திணறல் உட்பொறிக்கு இடம் மாறியிருக்கும்; தீர்ந்திருக்காது. எந்த மருந்தும் இல்லாத நினைவகத்தைப் படைத்துவிடாது. வீணாகக் கிடப்பதை மீட்டுத் தர மட்டுமே அதனால் முடியும்.